சிவப்புக்குப் பின்னால் நிற்கிற விக்டோரியாக்கா

எங்கள் இறால் கம்பெனியில் வேலை முடிந்ததும் பெண்கள் வாசலில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பை, டிபன் டப்பா எல்லாவற்றையும் கொட்டிக் காட்ட வேண்டும். ஆறில் ஒரு தடவை சிவப்பு வருகிற மாதிரி மெஷினில் வைத்திருப்பதாக வாட்ச்மேன் சொல்வார்.

ஒருத்திக்குச் சிவப்பு வந்துவிட்டால் அடுத்தவளுக்கு வராது என்பது பெண்களின் நம்பிக்கை. அதனால் சிவப்பு எரிந்தவளின் முதுகுக்குப் பின்னால் தள்ளுமுள்ளு நடக்கும். விக்டோரியாக்காவும் அந்த இடத்துக்காகவே எல்லோருக்கும் வழிவிட்டுக் காத்து நிற்பாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்று இறால் தலை கிள்ளியவளுக்குத் தள்ளத் தெம்பு ஏது? கடைசி ஆளாகத்தான் வெளியே வருவாள். புன்னைக்காயல் பஸ் போயிருக்கும். வீட்டில் அவள் புருஷன் ஆன்டனி அண்ணன் கிடப்பார். சங்கு குளிக்கப் போய் இரண்டு காலும் விழுந்துபோனவர். ஒன்றுக்குப் போகக்கூட அக்கா வந்துதான் தூக்க வேண்டும்.

நான் அங்கே ஐஸ் உடைக்கிறவன். பத்தாவது கணக்கில் கோட்டைவிட்டாலும், பகடை உருட்டுகிற கடைசிப் பாடத்தை மட்டும் ஆசையாகப் படித்திருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆறு புளியங்கொட்டையை அக்காவின் டப்பாவில் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நகப்பாலிஷ் தடவியிருந்தேன். ஒவ்வொருத்தியும் பார்க்காமல் ஒன்றை எடுத்து, காட்டிவிட்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும்.

வாய்க்காரி ஜெபசுதா சிவப்பை எடுத்தாள். அடுத்து எடுத்தவளுக்கும் சிவப்பு. நான் ஏமாற்றுவதாக ஜெபசுதா சண்டைக்கு வந்தாள். போன வாரம் அவள் செருப்புக்குள் நண்டு விட்டவன் நான், சந்தேகம் நியாயம்தான். டப்பாவைப் பிடுங்கி அவளே குலுக்கி எடுத்தாள். மறுபடி சிவப்பு.

“அப்போ பின்னால நின்னு ஒண்ணும் ஆவப்போறதில்லையாலே?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. முன்ன யாருக்கு வந்துச்சுன்னு டப்பாவுக்குத் தெரியாதுல்லா.”

அக்கா கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தன நாளு அந்த மனுசன் ஈரத்துல கெடந்தாரு” என்றாள்.

சாயங்காலம் முதல் ஆளாக நின்று பொத்தானை அமுக்கினாள். சிவப்பு. ஜெபசுதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆண்கள் வாசல் வழியே நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

“ஏலே, ஏறுதியா, எறங்குதியா?” கண்டக்டர் கத்தினார். செருப்பு அறுந்துவிட்டது என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா பையை மூடியும் மூடாமலும் வந்து சேர்ந்தாள். முன்னால் ஆள் இல்லாததால் சோதனை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். நான் இறங்கி வழிவிட்டதும் ஏறி, ஜன்னல் வழியே கேட்டாள்:

“படியில எதுக்குலே உக்காந்திருந்த?”

“செருப்பு அறுந்துபோச்சுக்கா.”

அவள் என் காலைப் பார்த்தாள். ஐஸ் ரூமில் போடுகிற ரப்பர் பூட்ஸைக் கழற்ற மறந்திருந்தேன்.