ஆமை அண்ணியின் வலது முட்டி

"ரெண்டு அடி நடந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றபடியே, செருப்புக்கடை அண்ணி முதியவரின் காலைத் தன் இடது தொடையிலிருந்து மெல்ல இறக்கிவிடுகிறார். வலது முட்டி தரையில் ஊன்றியிருக்கிறது. முதியவர் புது ஷூவோடு கண்ணாடி வரை போய்த் திரும்புவதற்குள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கிறாள். எழுந்து போகலாம். ஆனால் எழும்போது ஒரு வலி, மறுபடி ஊன்றும்போது இன்னொரு வலி. எனவே முட்டியாலேயே நகர்ந்து போகிறார். தரை பளபளவென்று துடைத்த கல்தரை. வழுக்கிக்கொண்டு போக வசதிதான்.

செருப்புக்கடையில் அவருக்கு வயதும் அனுபவமும் ஏறிவிட்டன. உட்கார இடம் மட்டும் ஏறவில்லை. வருகிறவர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. "மூஞ்சியப் பார்த்தா யாருன்னே தெரியாது. கால நீட்டச் சொல்லுங்க, போன தடவ எந்தச் செருப்பு கடிச்சுதுன்னு வரைக்கும் சொல்லிடுவேன்" என்பார்.

முட்டி வலிக்கிறது என்றால் கல்லாவில் இருக்கும் அம்மாள் பெருமூச்சு விடுவார். "எல்லாம் விதி. நம்ம கையில என்ன இருக்கு?"

"விதின்னா ரெண்டு முட்டியிலயும் எழுதியிருக்கணுமே? எதுக்கு வலதுல மட்டும் எழுதுச்சு? நான் ஊன்றது அதத்தான்!"

கல்லா அம்மாள் உடனே சில்லறையை எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை இதே முட்டி வேறு பிறவி எடுக்கிறது. ஊருக்கு வெளியே பழைய டயர்களும் தகர டிரம்களும் மரப்பலகைகளும் அடுக்கிய ஒரு சரளை மைதானம். முகமூடி மாட்டி, காற்றுத் துப்பாக்கி பிடித்து, சாயம் நிரம்பிய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிறார்கள். பெயின்ட்பால். சாயம் பட்டவர் வெளியே. அணித்தலைவி அவருடைய நாத்தனார், பார்சல் வேன் ஓட்டுகிறவள். "ஆமை அண்ணி" என்று பெயர் வைத்தவளும் அவள்தான். மற்றவர்கள் ஓடி, கத்தி, சிவப்பும் மஞ்சளுமாக வெளியேறிய பிறகும், அண்ணி ஏதோ ஒரு டிரம்முக்குப் பின்னால் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார். எதிரணிக்காரர் பொறுமை இழந்து தலையை நீட்டும்போது ஒரே உருண்டை. "ஆறு நாள் மத்தவங்களுக்காகக் கீழ உட்கார்றேன். ஒரு நாள் எனக்காக உட்கார்றேன்" என்பது அவர் கணக்கு.

மைதானத்தில் முட்டிக்கவசம் கட்டாயம். அண்ணி முதல் கவசம் வாங்கிய கதையை நாத்தனார் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரித்தபடிதான் சொல்வாள். விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். இருப்பதிலேயே மிருதுவான ஜோடியை மாட்டிக்கொண்டார். கண்ணாடி வரை நடந்தார், திரும்பினார். எங்கும் உறுத்தவில்லை. "பஞ்சு மாதிரி இருக்கு" என்று வாங்கிவிட்டார். ஆயுள் முழுக்க ஊருக்குச் சொன்ன அதே யோசனையைத் தனக்கும் சொல்லிக்கொண்டார். ஷூ நடப்பதற்கு, கவசம் மண்டியிடுவதற்கு. இந்த வித்தியாசம் சரளைக்கல்லில்தான் உறைத்தது. நாலு எட்டு ஓடியதும் கவசம் கீழே வழுக்க, அண்ணி வெறும் முட்டியோடு கூரான கல்லின் மேல் விழுந்தார்.

"அண்ணி, கவசம் கணுக்கால்ல கொலுசு மாதிரி கிடக்குது!" என்று நாத்தனார் கத்தினாள். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மருத்துவர் வீங்கிய முட்டியை அமுக்கிப் பார்த்தார். உள்ளே இருக்கும் மெத்தை தேய்ந்துகொண்டே போகிறதென்றும், இப்படியே விட்டால் மாடிப்படி ஏறுவதே திண்டாட்டம் என்றும் சொன்னார். "இந்த வயசுல எதுக்கும்மா அந்த விளையாட்டு? விட்டுடுங்க." கடையை விடச் சொல்லவில்லை. அது பிழைப்பாயிற்றே! வீட்டிலும் இதே பேச்சு. நாத்தனார்கூட, "மருத்துவமனை ஊழியர் அணியோட இறுதி ஆட்டம் வருது. நீங்க வெளிய உட்கார்ந்து கைதட்டுங்க அண்ணி" என்றாள். அண்ணிக்கு, தன்னுடையது என்று வாரத்தில் இருந்த ஒரே நாளும் கைவிட்டுப் போகிறதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

கடையிலாவது முட்டிக்குக் கீழே எதையாவது வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேட்டார். மேலாளர் கண்ணாடி அறைக்குள் சுழல்நாற்காலியில் அரைவட்டம் சுற்றிவிட்டுச் சொன்னார்: "அசிங்கமா இருக்கும்மா. வர்றவங்களுக்கு மரியாதை குடுக்கிற மாதிரி இருக்கணும்ல?"

அடுத்தவர் முட்டி தேயத் தேயக் கொடுக்கும் மரியாதையை வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர், "வேண்டாம்மா, நானே போட்டுக்கறேன்" என்று கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு மனிதரை மண்டியிட வைத்துப் பார்ப்பதில் யாருக்குச் சுகம் என்று கேட்டால், விரல் அந்தக் கண்ணாடி அறையைத்தான் காட்டும்.

அண்ணி விளையாட்டுச் சாமான் கடைக்கு மறுபடி போனார். விற்பனையாளர் கெட்டியான பிளாஸ்டிக் சிப்பி வைத்த ஜோடியைக் காட்டினார். "இது உடையவே உடையாது மேடம்."

"அது உடையாது, என் முட்டி உடைஞ்சிடும். கல்லுல வழுக்கும்ல? வேற காட்டுங்க."

இந்தத் தடவை நடந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கடை நடுவிலேயே மண்டியிட்டார். குதிகால் மேல் உட்கார்ந்தார். தவழ்ந்தார். பந்து வாங்க வந்தவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒன்று மடக்கும்போது முட்டிக்குப் பின்னால் கிள்ளியது. இன்னொன்றின் பட்டை ரத்தத்தை நிறுத்துகிற மாதிரி இறுக்கியது. கடைசியில், முன்னால் தடித்த மெத்தை, பின்னால் மடக்குவதற்குத் திறப்பு, முட்டிக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று ஒரு ஜோடி கிடைத்தது. அதையும் நம்பவில்லை. வாசலில் பூச்செடியைச் சுற்றிக் கொட்டியிருந்த கூழாங்கல்லில் முட்டி போட்டார். விற்பனையாளர் பதறி ஓடிவந்தார்.

"மேடம், எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும். முட்டி என்னோடதுதானே?"

நாத்தனாரையும் அதே கூழாங்கல்லில் முட்டி போட வைத்துக் காட்டிய பிறகுதான் அணியில் இடம் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் ஆமை அண்ணி கடைசிவரை டிரம்முக்குப் பின்னால் இருந்தார். மருத்துவமனைக்காரர்கள் இருவரை வீழ்த்தினார். மூன்றாவது ஆள் பின்பக்கமாக வந்து முதுகில் பச்சைச் சாயம் பூசிவிட்டான். அணி தோற்றது. நாத்தனார் துப்பாக்கியைத் தரையில் எறிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அதைக் கவனிக்கவில்லை. கவசத்தை இறக்கி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். வீக்கமில்லை. இரவிலும் இல்லை. திங்கட்கிழமை காலையிலும் இல்லை.

திங்கட்கிழமை மாலை, கடை மூடும் நேரத்தில், முட்டி வீங்கிப் புடைத்துக்கொண்டு நின்றது.

மருத்துவரும் வீட்டாரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது விளையாட்டை. முட்டியைத் தின்றது பளபளவென்று துடைத்த கல்தரை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு நாளும் முட்டியைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஆனால் ஏழைப்பட்டவர் உடம்பு கெட்டால் அவருடைய சந்தோஷத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுகிறது.

செவ்வாய்க்கிழமை அண்ணி கடைக்கு வந்தபோது, சீருடைக் கால்சட்டைக்கு மேலேயே இரண்டு கவசங்களும் இருந்தன. சரளையில் உரசிய கீறலும், ஓரத்தில் ஒரு பொட்டுப் பச்சைச் சாயமும் அப்படியே. கல்லா அம்மாள் வாயில் கை வைத்தார். முதலில் வந்த இளைஞன் ஒற்றைக்காலில் காலுறையோடு உட்கார்ந்து, "அடிபட்டிருக்காக்கா?" என்றான்.

"இல்லப்பா. அடிபடாம இருக்கத்தான்."

கண்ணாடிக் கதவு திறந்தது. மேலாளர் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினாலும் இளைஞனுக்குக் கேட்டது. "என்னம்மா, போருக்குக் கிளம்பிட்டீங்களா? அதைக் கழட்டிட்டு அப்புறம் ஷூ போட்டு விடுங்க."

அண்ணி இளைஞனின் காலை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்தார். கையிலிருந்த ஷூவை மேலாளரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் முட்டி ஊன்றுவதற்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.