திருகோணமலையில் இறங்கிய மதியம்

விஜயகுமாரிக்குக் கப்பல் ஏறும் ஆசையெல்லாம் இருந்ததே இல்லை. நல்லூரில் வீடு, வீரபாண்டியில் பனியன் கம்பெனி, இரண்டுக்கும் நடுவே ஒரு டவுன் பஸ். இருபது வருடத்துக்கு மேலாக அவளுடைய உலகம் அந்த அளவில்தான் சுழன்றது. தைத்து வரும் பனியனைக் குழல்விளக்கின் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை. பழகாத இடத்துக்குப் போவதென்றாலே பயப்படும் சுபாவம் அவளுக்கு.

கம்பெனி தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, பழைய ஆட்களைச் சென்னையிலிருந்து கப்பலில் அழைத்துப் போவதாக முதலாளி அறிவித்தபோது அவள் வரவில்லை என்றுதான் சொன்னாள். கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்று மறுநாள்தான் தெரிந்தது. திருகோணமலை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடி, தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் நதியா இருந்தாள்.

நதியா சிறு பிள்ளையாக இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அகதி முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் கட்டி, விஜயகுமாரிக்குப் பக்கத்து மேஜையில் பதினான்கு வருடம் நின்று வேலை பார்த்தவள். விஜயகுமாரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது கூடப்பிறந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். வேலை முடிந்து தினமும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, தலை வாரி, உடுப்பு மாற்றி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் நதியாதான். பிறகு புருஷனின் பூர்வீக நிலம் திரும்பக் கிடைத்ததென்று குடும்பத்தோடு அக்கரைக்குத் திரும்பிவிட்டாள். போன பிறகும் ஞாயிறு தவறாமல் போனில் கூப்பிடுவாள். வேலி, கிணறு, மூன்று தென்னை என்று வீட்டைச் சுற்றிக் காட்டி வீடியோ அனுப்புவாள்.

அந்தப் பேச்சு ஏழெட்டு மாதமாக நின்றுபோயிருந்தது. முதலில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு போனே அணைந்துவிட்டது. கோபமா, ஏதாவது ஆகிவிட்டதா என்று விஜயகுமாரிக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய நம்பரும் அவளிடம் இல்லை. வீட்டுக்காரர் கன்னையன், "கரையில எறங்குனா ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துரு. காலைல இருந்து பொழுதோட வரைக்கும் நேரமிருக்குதல்ல," என்றார். அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் கப்பலேறினாள்.

இரண்டாம் நாள் விடிந்தபோது கரை தெரிந்திருக்க வேண்டும். நாலாபுறமும் தண்ணீர்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். கம்பெனி ஆட்களுக்குப் பொறுப்பாக வந்திருந்த எச்.ஆர். அருள்குமார் அதைத் தமிழில் சொன்னான். ராத்திரி காற்று பலமாக அடித்ததால் கப்பல் மெதுவாக வந்திருக்கிறது. மதியம்தான் துறைமுகம் போய்ச் சேரும். சாயங்காலம் மறுபடி காற்று கிளம்பும் என்பதால் நான்கு மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். ஒரு பகல் முழுக்க என்றிருந்தது மூன்று மணி நேரமாகச் சுருங்கிப்போயிற்று.

கப்பலே கொதித்தது. வரவேற்பு மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம். காசு கட்டியது தண்ணீரைப் பார்க்கவா, ஊரைப் பார்க்கவா என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மேஜையைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திமிங்கிலம் பார்க்கப் படகுக்குச் சொல்லி வைத்திருந்த புதுமணத் தம்பதியில் அந்தப் பெண் அழுதேவிட்டாள். மேஜைக்குப் பின்னால் நின்ற வெளிநாட்டுப் பெண் எல்லோருக்கும் ஒரே சிரிப்பையும் ஒரே பதிலையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். அவளுக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் கூட்டத்தை விட்டு விலகினாள்.

அருள்குமாரைத் தனியே கூப்பிட்டு, இறங்கியதும் நிலாவெளிக்குப் போய் வர அனுமதி கேட்டாள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போய்த் திரும்புவது என்று அவன் முடிவு செய்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். போகவர ஒரு மணி நேரம், வீடு தேட எவ்வளவு நேரமோ, அங்கே அவளுடைய போனும் வேலை செய்யாது என்று அடுக்கினான்.

"கப்பல் யாருக்காகவும் நிக்காதுங்கக்கா. நீங்க வராம போனா உங்க ஊட்டுக்காரருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

 அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அவளே ஏற்கெனவே நினைத்துப் பயந்திருந்தாள். அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கூடத் தங்கியிருந்த ராமுத்தாய் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓவர்லாக் தையல் மிஷினில் நிலைத்துவிட்டவள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாக்காம ஊர் திரும்புனீகன்னா உங்களுக்குத் தூக்கம் வருமாக்கா?" என்றாள். "போயிட்டு வாங்க. அந்தத் தம்பிய நான் பாத்துக்கிறேன்."

கப்பல் கரையணைந்த பிறகும் இறங்க விட்டபாடில்லை. வரிசை, சோதனை, அனுமதிச் சீட்டு, வெளி வாசல்வரை கொண்டுவிடும் பஸ். முன்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரரும் இன்னும் சிலரும் அதிகாரிகளோடு வாதம் செய்யச் செய்ய வரிசை நகராமல் நின்றது. கையிலிருந்த நேரம் அங்கேயே உருகிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் அருள்குமார் தலைகளை எண்ணத் தொடங்கினான். விஜயகுமாரி அவன் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் போறனுங்க. சொல்லாம போகக்கூடாதுன்னுதான் வந்தனுங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறிவிட்டாள். இந்திய நோட்டு செல்லுமா என்று கேட்டதற்கு டிரைவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.  இடதுபுறம் உப்பளம், வலதுபுறம் பனைகளுக்கிடையே கடல். எதுவும் அவள் கண்ணில் பதியவில்லை. டிரைவரின் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிலாவெளியில் எந்த ஒழுங்கை என்று கேட்டார் டிரைவர். சந்து என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்று மட்டும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களோ இரண்டு இருந்தன. முதல் சந்தில் நுழைந்தால் கிணறே இல்லை. திரும்பி வந்து ஒரு கடையில் கேட்டார்கள். இந்தியாவில் இருந்து வந்த குடும்பமா, அடுத்த சந்தின் கடைசி வீடு என்றார் கடைக்காரர். அந்த வீட்டு மனுஷிக்கு என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். விஜயகுமாரி டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னாள்.

மூன்று தென்னைகளும் தெரிந்தன. கிணற்றடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, வயதானவள் போலிருந்தாள்.

"ஏனுங்க, நதியா ஊடு இதுதானுங்களா?" என்று வேலிக்கு வெளியே நின்று விஜயகுமாரி கேட்டாள்.

அந்தப் பெண் திரும்பினாள். கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது.

"அக்கா," என்றாள். "நான்தான் அக்கா."

குரலைக் கேட்ட பிறகுதான் முகம் தெரிந்தது. பதினான்கு வருடம் பக்கத்தில் நின்றவளை அடையாளம் தெரியாமல் அவளிடமே அவள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறோம் என்று விஜயகுமாரிக்கு உறைத்தது. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அணைத்த கைக்குள் எலும்பாக இருந்தாள் நதியா.

மார்பில் கட்டி. ஒரு பக்கம் எடுத்தாயிற்று. மருந்து ஏற்றி ஏற்றி முடி கொட்டிவிட்டது. புருஷன் கடற்கரை ஹோட்டலில் வேலைக்குப் போயிருக்கிறான், மகள் பள்ளிக்கூடம். இதையெல்லாம் சொல்லும்போது நதியா அழவில்லை. அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள்.

"அதுக்கு ஏன் கண்ணு போன எடுக்காம உட்டே?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"எடுத்தா சொல்லோணும். சொன்னா நீங்கள் அங்க இருந்து என்ன செய்வியள்? ஆஸ்பத்திரியில உங்கட வருத்தத்துக்கு நான் பக்கத்தில நிண்டன். எனக்கு நீங்கள் வர ஏலாது. அதை நினைச்சு நீங்கள் சாப்பிடாமல் கிடப்பியள். அதுதான் நிப்பாட்டிப்போட்டன்."

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். துறைமுகத்தில் வரிசை நீளமாக இருக்கும், இப்போது கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்றார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. விஜயகுமாரி அசையாமல் நின்றாள். கப்பல் போனால் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே கன்னையனின் முகம், அருள்குமாரின் முகம், அந்நிய ஊர், போலீஸ் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

நதியா அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, விழுந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"வாங்கோ அக்கா. நானும் வாறன். போற வழியெல்லாம் கதைக்கலாம்."

அப்படித்தான் அவர்கள் பேசினார்கள், ஓடும் ஆட்டோவில், காற்றுச் சத்தத்துக்கு மேலே. தன் மேஜையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள் நதியா. ஒரிசாவிலிருந்து வந்த பெண் என்றதும், அந்த மேஜையின் கால் ஆடும், அட்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள் என்றாள். கன்னையனின் முதுகுவலி, மகளின் படிப்பு, ஊரில் மழை என்று பேச்சு தாவித் தாவிப் போயிற்று. நடுவில் நதியா தலைத்துணியை விலக்கி, விஜயகுமாரியின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். உள்ளங்கையில் மெல்லிய முடி குறுகுறுத்தது. திரும்ப முளைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு சோதனை பாக்கி, நோய் முழுக்கப் போயிற்றா என்று அதில் தெரிந்துவிடும் என்றாள். விஜயகுமாரி கையை அங்கேயே வைத்திருந்தாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஐஸ்கட்டி இறக்கும் லாரி ஒன்று சாலையை அடைத்து நின்றது. ஒரு ஆள்தான் இறக்கிக்கொண்டிருந்தான். டிரைவர் இறங்கிப் போய்ச் சத்தம் போட்டார்.  விஜயகுமாரி முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். நதியா அந்தக் கையைப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவழியாக லாரி நகர்ந்தது.

துறைமுக வாசலில் அருள்குமார் சட்டையெல்லாம் நனைந்து, வெளிறிப்போய் நின்றான். அவன் காலடியில் ராமுத்தாய் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விஜயா அக்கா வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அருள்குமார் திட்டவில்லை. நதியாவின் தலைத்துணியைப் பார்த்தான். பிறகு உள்ளே கைகாட்டினான்.

உள்ளே கப்பலுக்குக் கொண்டுபோகும் பஸ் கிளம்பாமல் நின்றது. கோயம்புத்தூர்க்காரர் படியை மறித்து நின்று, பொறுப்பான ஒருவர் வந்து பேசும்வரை யாரும் ஏறப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு கூட்டம். அதிகாரிகள் கெஞ்சினார்கள். இறங்கும்போது வரிசையை நிறுத்தியதற்காக அந்த மனிதரை மனதுக்குள் வைதவள் விஜயகுமாரி. இப்போது அவர் இன்னும் கொஞ்சம் சண்டை போட மாட்டாரா என்று ஏங்கினாள். வாசல் கம்பியோரம் அவளும் நதியாவும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாத மாதிரியும் எல்லாமே மிச்சமிருப்பது போலவும் இருந்தது.

சீருடை போட்ட ஒருவர் வந்து என்னவோ வாக்குக் கொடுத்தார். கூட்டம் கலைந்து ஏறத் தொடங்கியது.

"நல்லதோ கெட்டதோ, போன எடுத்து நீ சொல்லோணும் நதியா. தெரியாம இருக்கறதுதான் என்னால முடியல," என்றாள் விஜயகுமாரி.

"சொல்லுவன் அக்கா."

கப்பலில் அன்றிரவு சாப்பாட்டு மேஜையெல்லாம் அதே பேச்சு. குறைத்த நேரத்துக்கு ஈடாக ஏதோ சலுகை தருவதாகச் சொன்னார்கள், அது போதாது என்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்த சென்னை அம்மாள், உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டார். வந்தது என்றாள் விஜயகுமாரி. பிறகு குனிந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் கன்னையனிடம் சொன்னாள். அருள்குமார் முதலாளியிடம் எதையும் சொல்லவில்லை. நதியா வாக்குத் தவறாமல் ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். சோதனை முடிவு வரும் நாளையும் சொல்லியிருந்தாள். கம்பெனிக்குள் போன் கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு விஜயகுமாரி போனைக் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்குப் போனாள். காலையில் பார்த்த துணியில் இரண்டு ஓட்டைகளைத் தவறவிட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

மதியம் நெருங்கும்போது இடுப்பில் அதிர்ந்தது. அந்த வழியாக வந்துகொண்டிருந்த அருள்குமார் பார்த்துவிட்டான். நின்று, திரும்பி, வந்த வழியே போய்விட்டான். விஜயகுமாரி துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். மிஷின் சத்தத்தில் முதலில் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போதைக்கு ஒன்றும் இல்லையாம் என்றாள் நதியா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டுமாம்.

சரி கண்ணு, சரி கண்ணு என்று மட்டுமே சொல்ல முடிந்தது அவளால். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பி அடுத்த பனியனை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். மூன்று மாதம் கழித்து எந்த மாதம் வருகிறது என்று மனது அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தது.