அபு ஹமதின் துப்பாக்கியும் என் டிசம்பர் லீவும்

துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு, ‘உள்ளே ஒண்ணும் இல்லை’ என்று கஸ்டமர் சொன்னாலே சந்தேகம் வந்துவிடும். வளைகுடாவில் அடுத்தவன் சாமானைப் பிரித்துப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குப் புரியும். நான் தூத்துக்குடிக்காரன். இரண்டாயிரங்களில் துபாய்க்கு வெளியே ஒரு ஷூட்டிங் கிளப்பில் மெக்கானிக்.

மாஃபி தோட்டா

டிசம்பரில் ஊரில் மகளுக்குப் புதுநன்மை, வெள்ளை கவுன் போட்டு முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். லீவு கேட்டால், ஹைதராபாத்கார மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். பெரிய கஸ்டமர் அபு ஹமத் வெள்ளிக்கிழமை போட்டியில் சுடப்போகிறார். அவருடைய பம்ப் துப்பாக்கியில் ரவை கண்டபடி சிதறுகிறது. அதைச் சரிசெய்து அவர் மனசைக் குளிரவைத்தால் நான் ஊருக்குப் போகலாம்.

அபு ஹமத் பம்பாய் வியாபாரத்தில் பழகிய உருதுவில்தான் எங்களிடம் பேசுவார். துப்பாக்கியை மேஜையில் வைத்து, “மாஃபி தோட்டா, மாஃபி” என்றார், உள்ளே தோட்டா இல்லையாம். நான் வழக்கம்போல குழல் வாயை மணல்மூட்டைப் பக்கம் திருப்பி, முன்பிடியைப் பின்னால் இழுத்தேன். சிவப்பாய் ஒரு தோட்டா துள்ளி வந்து என் காலடியில் விழுந்தது. மாதாவே! அவரோ சந்தோஷமாகக் குனிந்து எடுத்தார்.

“அட, இதைத்தானே கார் முழுக்கத் தேடினேன்!”

வெள்ளைப் பேப்பர்

குழலின் உட்புறத்தை மெருகேற்றினேன். சோக் என்று ஒரு குட்டிக் குழாய் உண்டு, குழல் முனையில் திருகிப் பொருத்துவது. ரவையைச் சேர்த்து அனுப்புவது அதுதான். அதை இன்னும் குறுகலானதாக மாற்றினேன். தூரத்தில் பேப்பர் கட்டிச் சுட்டுப் பார்த்தோம். முன்பு நடுவில் ஆடு புகுந்து போகிற அளவு இடைவெளி இருக்கும். இப்போது சல்லடை மாதிரி அழகான வட்டம்!

எனக்கே பெருமை தாங்கல. சோக்கைக் கழற்றி மாட்டிக் காட்டி, “எல்லாம் இதோட வேலைதான் சார், உசிரு மாதிரி பாத்துக்குங்க” என்றேன். அவர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டார்.

“இதை வீட்டு மஜ்லிஸ்ல, விருந்தாளி உட்கார்ற கூடத்துல மாட்டணும், மச்சினன் பார்த்து வயிறெரியட்டும்.”

வெள்ளிக்கிழமை

போட்டியில் குறிக்காக மேலே வீசிய களிமண் தட்டு ஒன்றுகூட உடையவில்லை. மேனேஜர் என்னை முறைத்த முறைப்பில் லீவு போச்சு என்றே நினைத்தேன். ஓடிப்போய்க் குழல் முனையைப் பார்த்தால், அடப்பாவி, சோக்கையே காணோம்! உள்மரையெல்லாம் நாசம். “சார், சோக் எங்கே?” அவர் கந்தூரா அங்கியின் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே, அத்தர் மணக்க மணக்க, சோக். “சுட்டா தேய்ஞ்சிடுமேன்னு கழட்டி வெச்சேன்” என்றார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அது உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும் என்று விளக்கினேன். மனுஷருக்கு வெட்கமாகிவிட்டது. என் தோளில் கைபோட்டு, “தப்பு என்னுது, இவன் தங்கமான ஆளு” என்று மேனேஜரிடம் சொன்னார். அப்பாடா, ஊருக்குப் போயாச்சு என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

“வீட்ல இன்னும் நிறைய துப்பாக்கி இருக்கு, அது முடியற வரைக்கும் இவனை ஊருக்கு அனுப்பாதே!”

மகளின் வெள்ளை கவுனை, துபாய் சத்வா ஏரியாவில் என் ரூமில் போன் கார்டு தீரும்வரை காதால்தான் பார்த்தேன். திட்டுகிற கஸ்டமரிடம் எப்படியும் தப்பிச்சிடலாம், பாராட்டுகிறவரிடம் மாட்டினால் லீவு கலாஸ்.