கருத்தம்மா கொடுத்த கட்டு

ஹெப்சிபாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அப்பா ஏசுவடியான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகச் சட்டம் படிக்கப் போனவள் அவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சேதுபதி என்ற வக்கீலிடம் பதினோரு வருடமாக ஜூனியர். ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று பகல் கழியும். கணவன் பெலிக்ஸ் கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ் ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஆறரைக்கு வீடு திரும்புவார்கள். அவன் உலை வைக்க, அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஐந்து வருடமாகப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. தென்மாவட்டங்களில் வட்டாரப் பாதுகாப்பின் பெயரால் போடப்படும் தடுப்புக்காவல் ஆணைகள் சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்டு நடக்கின்றனவா என்பது தலைப்பு. இவர் வெளியே இருந்தால் இந்த வட்டாரத்தில் அமைதி இருக்காது என்று அதிகாரிகள் கருதினால், குற்றம் நிரூபணமாகாமலே ஒருவரை ஒரு வருடம்வரை உள்ளே வைக்கலாம். அதே சட்டம் அந்த அதிகாரத்துக்குச் சில கட்டுகளும் போட்டிருக்கிறது. ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். ஆதாரக் காகிதங்களை அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுகளை எத்தனை ஆணைகள் மதிக்கின்றன என்று ஹெப்சிபா எண்ணிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் ஆணைகளை நகலெடுத்துவந்து, ஒவ்வொன்றையும் அட்டவணையில் ஒரு வரியாக ஏற்றுவாள். இருநூற்றுப் பதினொன்று சேர்ந்திருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆணைக்காகத்தான் ஒரு பிப்ரவரி மாதம் சோழபுரம் போனாள். மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்கும் ஆண்டிச்சாமியின் வீடு. முந்தைய அக்டோபரில் பக்கத்து ஊர்க் கோயில் ஊர்வலத்தில் இரண்டு தரப்புக்கும் கைகலப்பு ஆகி, கல்வீச்சில் போய் முடிந்தது. பதினான்கு பேரைப் பிடித்தார்கள். அதில் மூன்று பேர்மேல் நவம்பரில் தடுப்புக்காவல் ஆணை போட்டார்கள். ஆண்டிச்சாமி கல் எறிந்தாரா, விலக்கிவிடப் போனாரா என்பது இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

அவர் மனைவி கருத்தம்மா வாசலில் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க வக்கீலம்மா. சேரு இல்ல, பாயில இருப்பீகளா?"

"இருக்கேன்க்கா. நான் ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன். இந்த மாதிரி ஆர்டரையெல்லாம் சேத்து வச்சுப் படிச்சுப் பாக்கேன்."

"படிச்சுப் பாருங்கம்மா. யாராவது படிச்சுப் பாக்க மாட்டாகளான்னுதான் நானும் கிடக்கேன். எம்புட்டுத் தாளு குடுத்திருக்காக! அவிய அஞ்சாவதுவரைக்கும்தான் படிச்சாக. எனக்கு அதுவும் இல்ல."

அரிசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து தடித்த காகிதக் கட்டு ஒன்று வந்தது. ஹெப்சிபா ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினாள். கருத்தம்மா பேரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்திட்டாள். கோர்ட்டு விஷயத்தில் வக்கீலம்மா கேட்டுக் கையெழுத்துப் போட்டால் அது வக்காலத்துத்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஹெப்சிபாவுக்கு அது தோன்றவில்லை.

"இதுல ஏதாவது வழி இருக்குமாம்மா?"

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு போனாள் ஹெப்சிபா. ராஜபாளையத்தில் நகலெடுத்து, மறுநாள் மூலத்தைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த வாரமே படித்தாள். இதே மாதிரி வழக்கில் இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது, ஆகவே இவரும் வெளியே வந்துவிடுவார், வந்தால் அமைதி கெடும் என்று ஆணை சொன்னது. அந்த ஜாமீன் உத்தரவு ஐந்து பக்கம். ஐந்தும் ஆங்கிலம். தமிழாக்கம் இல்லை. இந்த ஒரு குறைக்காகவே ரத்தான ஆணைகள் அவள் அட்டவணையில் ஒன்பது இருந்தன. ஆனால் இவ்வளவு துலக்கமாக ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு. ஆய்வு நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மிக நல்ல உதாரணம் என்று பதில் வந்தது. அட்டவணையில் மனுப் போடப்பட்டதா என்ற கட்டத்தைப் பிறகு விசாரித்து நிரப்பலாம் என்று காலியாக விட்டாள். இம்மாதிரிக் குடும்பங்கள் எப்படியும் யாராவது வக்கீலைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். மார்ச், ஏப்ரலில் நான்காம் அத்தியாயம் எழுதி முடித்தாள்.

ஜூன் முதல் வாரம் கருத்தம்மா மகள் காளீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள். வராந்தாவில் ஹெப்சிபாவைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"யம்மா, நாலு மாசமாச்சு. தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான் வராம இருந்தேன். பிள்ளை பிளஸ் டூல ஐநூத்திப் பன்னெண்டு மார்க்கு எடுத்திருக்கா. நர்ஸுக்குப் படிக்கணும்ங்கா. சேக்கறதுக்குள்ள அவிய வந்துருவாகளான்னு கேட்டுட்டுப் போகலாம்னு…"

"எதை வச்சுக்கா கேக்கீக?"

"அதான், நம்ம கேசு."

ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "வேற வக்கீல் யாருகிட்டயும் போகலையா?"

"உங்ககிட்டக் குடுத்துட்டுப் பொறவு இன்னொருத்தர்கிட்டப் போறது முறையாம்மா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "இந்த வாரம் போட்டுருவோம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றே நாளில் ஆட்கொணர்வு மனு தயாரானது. சேதுபதி காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆர்டர் நிக்காது. அஞ்சு தாளுக்குத் தமிழ் இல்ல, அது ஒண்ணே போதும்" என்றார். பிறகு கேட்டார்: "இது எப்பம்மா உன் கைக்கு வந்துச்சு?"

"பிப்ரவரியில, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

உயர் நீதிமன்றத்தில் மனு ஏற்கப்பட்டு, அரசுத் தரப்புக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுக்கப்பட்டது. இறுதி விசாரணை ஆகஸ்ட் பதினொன்று. ஜூன் கடைசியில் சிறைக்குப் போய் ஆண்டிச்சாமியைப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் பெரிய ஆகிருதி. ஆனால் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"உடம்புக்கு என்ன செய்யுதுண்ணே?"

"சாப்பாடு இறங்கல தாயி. மாத்திரை குடுத்திருக்காக." சிரித்தார். "தாளையெல்லாம் வக்கீலம்மா வாங்கிட்டுப் போயிட்டாகன்னு மாசியிலயே கருத்தம்மா வந்து சொன்னா. அதுக்குப் பொறவுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்டு அவள் அன்றே மனுக் கொடுத்தாள். ஜூலை மூன்றாம் வாரம் மாற்றினார்கள். இருபத்தொன்பதாம் தேதி ஆண்டிச்சாமி இறந்துபோனார். காமாலை முற்றி ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். மாஜிஸ்திரேட் விசாரணை நடந்து இயற்கை மரணம் என்று முடிந்தது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி வழக்கைக் கூப்பிட்டார்கள். சேதுபதி எழுந்து, காவலில் இருந்தவர் காலமாகிவிட்டார் என்று சொன்னார். மனு பயனற்றுப் போனதால் முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டு வரியில் உத்தரவு. அந்த ஆணை சரியா தப்பா என்று எவரும் சொல்லாமலே போயிற்று. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"எல்லாத்தையும் கருத்தம்மாகிட்டச் சொல்லணும்" என்று வீட்டில் சொன்னாள் ஹெப்சிபா.

"சொல்லாதட்டி" என்றான் பெலிக்ஸ். "சொல்லி என்ன ஆகப்போகுது? இருக்கிற வேதனை பத்தாதா அந்தம்மாளுக்கு? ஒனக்கு மனசு லேசாகணும்னு அவிய தலையில கொண்டுபோய் எறக்குவியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பின்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே சோழபுரம் போய்விட்டாள்.

கருத்தம்மா பாய் விரித்தாள். ஹெப்சிபா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தான் அன்றைக்கு வக்கீலாக வரவில்லை என்றும், படித்த வாரமே குறையைக் கண்டுபிடித்தும் அதைத் தன் ஆய்வில் எழுதிவைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டதாகவும், மாசியிலேயே மனுப் போட்டிருந்தால் அவர் வைகாசிக்குள் வீட்டுக்கு வந்திருக்கக்கூடும் என்றும்.

கருத்தம்மா விரித்த பாயைச் சுருட்டினாள்.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்லம்மா" என்றாள். "உங்க ஒருத்தரையாவது நல்லவகன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

ஹெப்சிபா அழுதாள். கருத்தம்மா அழவில்லை. உள்ளே இருந்த காளீஸ்வரி வெளியே வரவில்லை.

"அவிய பேரு அந்தப் பொஸ்தகத்துல இருக்கா?"

"இருக்குக்கா."

"எடுத்துருங்க. பேரு மட்டும் இல்ல. எங்க கதையே அதுல வேண்டாம்."

நெறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. பெயரை மாற்றிப் போடலாம், ஊரை மறைக்கலாம், அத்தியாயமே அதை வைத்துத்தான் நிற்கிறது என்றார். கொடுத்த ஒப்புதலை அந்தம்மா திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று மட்டும் ஹெப்சிபா பதில் எழுதினாள். நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத எட்டு மாதம் பிடித்தது.

போன வருடம் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு குறை சொன்னார். மொழிபெயர்ப்பு தராததால் ஒரு மனிதருக்கு உண்மையில் என்ன பாதிப்பு நேர்கிறது என்பதற்கு நெஞ்சில் நிற்கும்படியான உதாரணம் ஒன்றுகூட இந்த ஆய்வில் இல்லை, களத்தில் அப்படி எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். நெறியாளர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கொடுக்கும்படியாக எதுவும் என்னிடம் இல்லை, ஐயா" என்றாள் ஹெப்சிபா.

காளீஸ்வரி நர்ஸ் படிப்பில் சேரவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலைக்குப் போகிறாள். படிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று ஹெப்சிபா இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பினாள். இரண்டு முறையும், வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்.