மகாலட்சுமி அழைத்துப் பார்த்த எண்

உள்ளறையில் ஒரு செல்போன் அடித்தது.

மகாலட்சுமி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். கணினித் திரையில் இருந்த எண்ணைத்தான் அவள் அழைத்திருந்தாள். ரிசீவரை வைத்ததும் உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அழைத்தாள். மறுபடி அடித்தது.

உள்ளறையில் இருந்தது தேவயானியின் கைப்பை மட்டும்தான். தேவயானியின் போன் எப்படி அடிக்கும் என்று மகாலட்சுமிக்குத் தெரியும். இது வேறு போன்.

தேவயானி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சீனி டப்பா எங்கே இருக்கிறதென்று மகாலட்சுமியின் புருஷனுக்குக்கூடத் தெரியாது, தேவயானிக்குத் தெரியும். கம்பம் பஜாரில் ஓர் அச்சகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தேவயானி வடிவமைப்பாள், மகாலட்சுமி பிழை பார்ப்பாள். அச்சகம் மூடிய பிறகும் அந்தக் கூட்டு வீட்டிலிருந்தே தொடர்ந்தது.

கல்யாணப் பத்திரிகையை மகாலட்சுமி கடைசி வரியிலிருந்து மேலே படிப்பாள். மேலிருந்து படித்தால் மனசு முந்திக்கொண்டு ஓடும், கண் பின்தங்கிவிடும் என்பாள். தேனி, சின்னமனூர் போட்டோகிராபர்கள் இணையதளம் வைக்கத் தொடங்கியபோது அதையும் பார்த்துக் கொடுத்தாள். செய்தவர் கணினியில் அழகாய்த் தெரிகிற தமிழ், எழுத்துரு இல்லாத பஜார் பிரவுசிங் சென்டரில் கட்டம் கட்டமாய் நிற்கும். அதனால் முதலில் அங்கே போய்த் திறந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளை உட்காரவைத்து, "விலை எங்கன போட்டிருக்குன்னு கண்டுபிடிங்கக்கா" என்பாள். சந்தனம்மாள் திணறினால் குறை அந்தப் பக்கத்தில்தான். தளத்தில் போட்டிருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அழைப்பாள். எதிர்முனையில் ஒருவர் எடுத்துப் பேசினால்தான் அவளுக்கு அது சரியான எண்.

வருகிற தையில் இருவரும் சேர்ந்து தேனியில் கடை போடுவதாக இருந்தது. பலகையில் இரண்டு பேரின் பெயரும். அதை நம்பி, மதுரை அச்சகம் ஒன்று கூப்பிட்ட வேலையைக்கூட மகாலட்சுமி வேண்டாமென்று விட்டிருந்தாள்.

நேற்றுத்தான் போட்டோகிராபர் இம்மானுவேல் போன் செய்து, தெரிந்தவர்கள் தேனியில் புதிதாக ஆல்பம் டிசைன் கடை திறக்கிறார்கள், தளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடையின் எண்தான் இப்போது உள்ளறையில் அடித்து ஓய்ந்தது.

தேவயானி டம்ளரோடு வந்தாள். "என்னக்கா, தப்பு எதுவும் சிக்குச்சா?"

"நம்பரு சரியாத்தான் இருக்கு. எடுக்கத்தான் ஆளைக் காணோம்."

"வேலையா இருப்பாக."

"ஆமா. டீ போட்டுக்கிட்டு இருந்தாக."

தேவயானி டம்ளரை மேசையில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் துடைத்தாள். நிமிரவில்லை.

"இம்மானுவேல் அண்ணனைச் சொல்லச் சொன்னது நாந்தேன்."

"பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். பேசி முடிக்கங்குள்ள இருமி இருமிச் செத்தாக."

"எங்க வீட்டுக்காரக கூட்டே வேண்டாம்னுட்டாகக்கா. கடை ஒரு பேருலதான் இருக்கணுமாம்."

"அதை வந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க பாத்துக் குடுக்க மாட்டீகன்னு..." தேவயானி பாதியில் நிறுத்தினாள். பிறகு அவசரமாய்ச் சொன்னாள். "தைக்கு மேல உங்களையும் கூப்பிட்டுக்கிடலாம்னுதேன் இருந்தேன். மாசச் சம்பளம் போட்டு."

மகாலட்சுமி டம்ளரைத் தள்ளி வைத்தாள். கடை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் கண்ணை மட்டும் ஆள்விட்டுக் கடன் வாங்கியிருக்கிறாள், கூடப் பிறந்தவள் போல இருந்தவள்.

"மதுரைக்குப் போகட்டுமான்னு கேட்டதுக்கு, என்னை விட்டுட்டுப் போகாதீகன்னு கையைப் பிடிச்சு அழுதியே தேவி. அப்பவே இந்த நம்பரை வாங்கிட்டியா?"

தேவயானி துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அதைவிட அவள் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"நாளைக்கு வெள்ளனக் கடை திறப்புக்கா," என்றாள் தணிந்த குரலில். "உங்களை மாதிரி யாரு பாக்கப்போறாக?"

மகாலட்சுமி கணினியை அணைத்தாள்.

"காலையில சென்டர்ல பாத்தேன். தமிழு கட்டம் கட்டமா வருது. ஆர்டர் குடுக்குற பக்கத்துல அனுப்புன்னு அமுக்குனா ஒண்ணும் நடக்கல. அங்கன வரைக்கும் பாத்திருக்கேன். மிச்சத்துக்கு வேற ஆளைப் பிடிச்சுக்க."

"கொஞ்சந்தானக்கா மிச்சம்..."

"உள்ள பை கிடக்கு. எடுத்துக்க."

தேவயானி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பு மாட்ட வெகுநேரம் ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மகாலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கித் தெருவில் நடந்தாள்.

மகாலட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.