டிரெய்லரில் இருந்த வசனம்

என் கணவர் ஒரு படத்தில் நடித்திருக்கிறார். அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப் படம் எடுக்க வந்தவர்கள், லாரியோடு டிரைவரும் வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்தை விட்டுப் போகும் ஒரு தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு வசனம். “ஏறுங்கம்மா, இனிமே இங்க நமக்கு ஒண்ணும் இல்ல.”

ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குளிக்கும்போது சொல்வார், புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் காரைக் கழுவும்போது சொல்வார். என் முன்னால் சொல்லச் சொன்னால் மட்டும் வெட்கம் வந்துவிடும்.

டிரெய்லர் வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் இரண்டு நாள் ஓயவில்லை. ஆரஞ்சு நிற வானம், வயலின், அதன்மேல் இவர் குரல். முகம் ஒரு விநாடிதான். உடனே மகளாக நடித்த பெண் திரும்பிப் பார்த்துக் கதறுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மஸ்ஜித் தானா ஊரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். “மாமா ஸ்டார் ஆயிட்டாருலா! எல்லாரும் சேர்ந்து போறோம்க்கா.” பதினோரு பேர் கிளம்பிப் போனோம்.

படம் பாதி தாண்டியதும் அந்தக் காட்சி வந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வானம் ஆரஞ்சாக இல்லை. வெளுத்துப்போன மத்தியானம். வயலின் இல்லை, லாரி இன்ஜின் சத்தம் மட்டும். தாயும் மகளும் வந்து நிற்கிறார்கள். இவர் கதவைத் திறக்கிறார். சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுக்கிறார். தோளில் கிடந்த துண்டை உதறி, மடித்து, சீட்டில் விரிக்கிறார். ஒதுங்கி நிற்கிறார். தாய் ஏறுகிறார், பின்னாலேயே மகளும். லாரி கிளம்பிவிட்டது. வசனமே இல்லை. அந்தப் பெண் அழவும் இல்லை. டிரெய்லரில் பார்த்த அழுகை, முன்னாடி வந்த சாவு வீட்டுக் காட்சியில் இருந்தது.

வெளியே வந்ததும் தங்கை கொதித்தாள். “என்னக்கா இது, மாமா பேசினதையே தூக்கிட்டாங்க! டிரெய்லர்ல காட்டி ஏமாத்திட்டாங்கலா!”

இவர் சிரித்தார். “எனக்குத் தெரியும். படத்த டைரக்ட் பண்ண பொண்ணு முன்னமே போன் பண்ணிச்சு. ‘அண்ணே, வசனத்த எடுத்துட்டேன், மன்னிச்சிருங்க. நீங்க துண்டு போட்டது அதவிட நல்லாருக்கு’ன்னு சொல்லிச்சு.”

“அப்புறம் ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா இத்தன பேரும் வந்திருப்பீங்களா?”

நான் கேட்டேன்: “துண்டு போடச் சொன்னது அந்தப் பொண்ணா?”

“யாரும் சொல்லல. ஒத்திகைன்னு நெனச்சேன். அந்தம்மாவுக்கு வயசாச்சு, சீட்டு நெருப்பா சுட்டுச்சு. கேமரா ஓடுறதே எனக்குத் தெரியாது.”

காரில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து, வெயிலில் நின்ற வண்டியில் ஏறும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் துண்டு விரித்துக் கொடுக்கிறார். நான் பாட்டுக்கு ஏறி உட்காருவேன், ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பெண் ஒரே மத்தியானத்தில் அதைக் கண்டுகொண்டாள். எல்லாரும் பாராட்டிய வசனத்தை வெட்டி எறிய அவளுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும்! டிரெய்லர் எங்களைத் தியேட்டருக்குக் கூட்டி வந்தது; இவர் யாரென்று காட்டியது படம்தான்.

அடுத்த லீவு நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடியும் போனோம். இந்த முறை வசனத்துக்காகக் காத்திராமல் பார்த்தேன். தாயாக நடித்த அம்மா, உட்காருவதற்கு முன் துண்டின் ஓரத்தைக் கையால் ஒருமுறை தடவிவிடுகிறார். முதல் தடவை அது என் கண்ணிலேயே படவில்லை. “பாத்தீங்களா?” என்று கிசுகிசுத்தேன். இவர் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.