ஊக்கு அண்ணனின் இடது கண்

எங்கள் ஆய்வகத்தின் காந்த அறை வாசலில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் ஊக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. சாவி, கடிகாரம், உடுப்பில் ஒளிந்த ஊக்கு வரை பிடுங்கிவிடுவார். இயக்குநரையே பெல்ட்டைக் கழற்றவைத்து, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கவிட்ட மனிதர்.

நான் அளந்த படிகம் சரியான அழுத்தக்காரப் பிறவி. அதன் அணுக்கள் ஏணி போல அடுக்கியிருக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டு குட்டிக் காந்தங்கள் எதிரும் புதிருமாக ஜோடி சேர்ந்திருப்பதால், வெளியே பூஜ்யம்தான் தெரியும். காந்தப்புலத்தை ஏற்றினாலும் அசையாது. ஓர் எல்லை தாண்டினால் ஜோடிகள் உடையத் தொடங்கும். கடைசியில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும்.

புலம் ஏறும்போதெல்லாம் அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொள்வார். கேட்டால் தூசி என்பார். பதினேழு வருஷமாக ஒரே தூசியா?

ஒரு நாள் மதியம், காந்தத்துக்கு மின்சாரம் தரும் மின்கருவி பூஜ்யம் காட்டியது. இரும்பு வாயு உருளையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அண்ணன் கண்ணைப் பொத்தியபடி குறுக்கே நின்றார்.

"உள்ள போகாதம்மா. அது ஓடிட்டு இருக்கு."

ஓர் ஊக்கை நூலில் கட்டி நீட்டினார். அது தொங்கவில்லை. அறையை நோக்கிப் படுக்கைவாட்டில் நின்றது. உருளையைப் பின்னால் இழுத்தேன். எங்கள் காந்தம் மின்தடையே இல்லாத கம்பிச் சுருள் என்பதால், மின்கருவியை அணைத்த பிறகும் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் வேலை பார்த்தவர் காந்தம் ஓடுகிறது என்று வாசல் பலகையில் எழுதாமல் போய்விட்டார். நானும் பூஜ்யத்தை நம்பிவிட்டேன். உருளை பறந்திருந்தால் நான் கூழாகியிருப்பேன்.

எப்படித் தெரிந்தது என்று விடாமல் கேட்டேன். பதினெட்டு வயதில் கடைசல் பட்டறையில் கண்ணுக்குள் ஏறிய இரும்புத் துணுக்கு இன்னும் உள்ளேயே இருக்கிறதாம். சொன்னால் வேலை போய்விடும், ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி என்று கெஞ்சினார். பாவி மனுஷன்! என்றைக்காவது கண்ணே போயிருக்கும். உயிரைக் காப்பாற்றியவரைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று அழுதுகொண்டேதான் அறிக்கை எழுதினேன். அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, நான் புலத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. அவர் வீடு ஊரின் அடுத்த கோடியில், பதினோரு கிலோமீட்டர் தள்ளி.

"இப்ப ஏத்துறியாம்மா?"

கையை விசையிலிருந்து எடுத்தேன். புலம் காட்டும் முள் அப்படியே நின்றது.

"ம்... நிறுத்திட்ட," என்றார். "வேலைதான் போச்சு. கண்ணுல இது போகலையே."